மூத்த மாப்பிள்ளையின் ஊங்காரம்

தவசிக்கனியின் வயிற்றிலிருந்து அந்தச் சத்தம் முதன்முதலாகக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமனார் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து, சகலை லிங்கதுரை தன் கையாலேயே செய்து கொண்டுவந்திருந்த ஆம்ப்ளிஃபயரில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வந்த சின்ன இடைவெளியில், தவசிக்கனியின் பெண்டாட்டி செல்வக்கனி வெற்றிலையை மடித்தபடி, யாரையும் பார்க்காமல், "எம்மா, ஒரு பொட்டு இரைச்சல் இல்லயே, செட்டு ஓடுதா நின்னுட்டான்னே தெரியலயே" என்று சொன்னாளே, அந்த நொடியில்.

"ம்ம்ம்ங்ங்ங்" என்று, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே நின்றால் கேட்குமே, அதே சத்தம், அதே கனம். எல்லாரும் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார்கள். லிங்கதுரை பதறிப்போய் வால்யூமைக் குறைத்தான், சத்தம் குறையவில்லை. பிளக்கைப் பிடுங்கினான், சத்தம் நிற்கவில்லை. மாமியார் சண்முகத்தாய் எழுந்து ஃபிரிட்ஜில் காதை வைத்துப் பார்த்தாள், மிக்சியில் வைத்துப் பார்த்தாள், மீட்டர் பெட்டிக்குக் கீழே போய் நின்று பார்த்தாள், கடைசியில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மூத்த மருமகனுக்கு முன்னால் வந்து, மரியாதைக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவன் சட்டையின் நாலாவது பொத்தானுக்கு நேராகக் காதைக் கொடுத்தாள்.

"இங்கனக்குள்ளல்லா இரையுது" என்றாள், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில். "மூத்த மருமகனுக்கு இரையுதுட்டி, சீரகத்தண்ணி போடுங்க."

சீரகத்தண்ணி வந்தது, குடித்தான். சத்தம் சீரக வாசனையோடு தொடர்ந்தது.

செவல்குளத்தில் அப்போது ஆம்ப்ளிஃபயர் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே ஒரே வீட்டில் பெண்ணெடுத்திருந்தார்கள். தவசிக்கனி தீப்பெட்டி ஆபீஸில் மோட்டார் பார்க்கிற வயர்மேன். பதினாறு வருஷமாக, செம்புத் தகட்டின் மேல் மார்க்கர் பேனாவால் தானே கோடு கோடாக டிராக் வரைந்து, கோடு போடாத செம்பைத் தின்றுவிடும் காவிநிற மருந்துத்தண்ணியில் ஊறப்போட்டு, ஓட்டை போட்டு, ஈயம் வைத்து, ஊரில் பாதி வீட்டுக்குச் செட்டு செய்து கொடுத்தவன். இளையவள் பொன்மாரியைக் கட்டிய லிங்கதுரை பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். அவன் மார்க்கரைத் தொட்டதே கிடையாது, கம்ப்யூட்டரில் வரைந்து, பளபளப்புத் தாளில் அச்செடுத்து, அதைச் செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து, மையைத் தாளிலிருந்து செம்புக்கு இறக்கிவிடுவான். "சட்டைக்குப் போடுற இஸ்திரிய போர்டுக்குப் போடுறான், இவனும் ஒரு மெக்கானிக்கு" என்று தவசிக்கனி இரண்டு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான், சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிரிப்பு போய்விட்டது, இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

மாமனார் நல்லபெருமாள் முப்பத்தைந்து வருஷம் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். படம் ஓடும்போதே கண்ணை மூடிக்கொண்டு, எந்த ஸ்பீக்கரில் எந்த இடத்தில் எலி கடித்திருக்கிறது என்று சொல்கிற காது அவருக்கு. அன்று அவர் கண்ணை மூடி, லிங்கதுரையின் செட்டை ஒரு தடவை கேட்டார், மூத்த மாப்பிள்ளையின் வயிற்றை ஒரு தடவை கேட்டார், பிறகு தீர்ப்பு மாதிரி ஒன்று சொன்னார். "ஆவணியில எனக்கு அறுவது முடியுது. மணிவிழா அன்னைக்கு ரெண்டு மாப்பிள்ளைகளும் ஆளுக்கொரு செட்டு செஞ்சு கொண்டாங்க. எது சுத்தமா இருக்கோ அது ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல, சாமி படத்துக்குக் கீழ நிக்கும். இன்னொண்ணு பரணுக்குப் போயிரும். இதுல மூத்தது இளையதுன்னு நான் பாக்கமாட்டேன்."

பரண் என்ற சொல் காதில் விழுந்ததும் தவசிக்கனியின் சத்தம் ஒரு படி ஏறியது. ஹாலில் லிங்கதுரையின் செட்டு நிற்கும், விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாம் "இது யாரு செஞ்சது" என்று கேட்பார்கள், "எங்க சின்ன மாப்பிள்ளை" என்று மாமியார் சொல்வாள், தன்னுடையது பரணில் பித்தளை அண்டாவுக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவில் கிடக்கும். இதை நினைக்க நினைக்க அவனுக்குச் சட்டைப் பொத்தான்கள் அதிர்ந்தன.

இரைச்சலை ஊர் ஏற்றுக்கொண்ட விதம்தான் வேடிக்கை. யாரும் ஆச்சரியப்படவில்லை. முதல் வாரம் தெருப் பெண்கள் தங்கள் வீட்டு மோட்டார்தான் ஓடுகிறதோ என்று மாறி மாறி ஓடிப்போய்ப் பார்த்தார்கள்; இரண்டாம் வாரம், "நம்ம மோட்டாரில்ல, தவசியண்ணே போறாரு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்கள். மூன்றாம் வாரம் ஒரு சங்கதி கண்டுபிடித்தார்கள்: கரண்ட் போனால் தவசிக்கனியும் நின்றுவிடுவான், கரண்ட் வருவதற்கு அரை நிமிஷம் முன்னால் அவன் இரையத் தொடங்கிவிடுவான். அதிலிருந்து மின்வெட்டு நேரத்தில் எதிர்வீட்டு ரெஜினா ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே இன்னும் கம்முனுதான் இருக்காரு, மாவுச் சட்டிய மூடி வைட்டி" என்பாள், கொஞ்ச நேரம் கழித்து, "ஏ, அண்ணே ஆரம்பிச்சிட்டாரு, கிரைண்டரப் போடு, கிரைண்டரப் போடு!" என்று தெருவே கேட்கக் கத்துவாள், அவள் கத்தி முடிக்கவும் விளக்கு எரியும்.

மின்வாரிய லைன்மேன் அவனைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பத்துக்குக் கம்பம் நிறுத்தினான். "அண்ணே, கொஞ்சம் இடப்பக்கம் நகருங்க. ஆ, இதுல லைன் உயிரோட இருக்கு, நாம தப்பிச்சோம்." நாதஸ்வரக்காரர் ஆவுடையப்பன் வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, வாயில் சீவாளியை நனைத்தபடி, "ஆஹா, ஆதார சுருதி! பெட்டி சுருதி எல்லாம் இடையில மூச்சு வாங்கும்யா, இது வாங்கலியே" என்று அவனை ஒரு முகூர்த்தத்துக்குக் கூட்டிப்போய்த் தவிலுக்குப் பின்னால் உட்காரவைத்து, முதல் பந்தியில் முதல் இலையும் போடச் செய்தார். கிளினிக் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் காதைப் பொத்திக்கொண்டு, "கேஸ்தான், வேற ஒண்ணும் இல்ல, உருளைக்கிழங்கு நோ, மொச்சை நோ, டென்ஷன் நோ" என்று நோ நோவாக எழுதிக் கொடுத்தார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள் அவன் மோட்டார் பார்க்க வந்தால் சொக்கிச் சொக்கித் தூங்கினார்கள், சூப்பர்வைசர் அவனுடைய மேசையை வாசலுக்கு மாற்றினார். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "செத்த நேரம் மடியில போட்டுக்கிடுங்கண்ணே" என்று கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தார்கள்.

ஏன் இரைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. டீக்கடை பூவலிங்கம் மட்டும் ஒரு தடவை, டீயை ஆற்றிக்கொண்டே, பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரருக்கு விளக்கம் சொன்னான். "ஒண்ணும் இல்ல சார், அவருக்குச் சகலை. எனக்கும் இருக்கான் ஒருத்தன், தூத்துக்குடியில, கார் வாங்கிட்டான். ஆனா பாருங்க, எனக்குச் சத்தம் வரல. காதுக்குள்ள லேசா வெயில் அடிக்கிற மாதிரி இருக்கு, அம்புட்டுதான். அண்ணே கைவேலைக்காரரு, அதான் வெளிய கேக்குது." வெளியூர்க்காரர் தலையாட்டிவிட்டு, தன் தம்பிக்கு வந்த பிரமோஷனை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

தவசிக்கனிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. செட்டில் இரைச்சல் வந்தால் அது போர்டில் டிராக் போன வழியின் தப்பு, வழியைச் சரியாகப் போட்டால் இரைச்சல் போய்விடும் என்பது பதினாறு வருஷமாக அவன் அறிந்த ஒரே வேதம். ஆகவே உலகத்தில் இல்லாத சுத்தத்தோடு ஒரே ஒரு போர்டு வரைந்துவிட்டால் அதைப் பார்த்து வயிறும் அடங்கிவிடும் என்று அவன் முழுசாக நம்பினான். சித்திரையில் ஒரு போர்டு வரைந்தான்: பாட்டு உள்ளே வருகிற மெல்லிய டிராக்கை, கரண்ட் வருகிற தடித்த டிராக்கிலிருந்து, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளி வீடுகளைப் போலத் தள்ளித் தள்ளிப் போட்டான். வைகாசியில் இன்னொன்று வரைந்தான்: செல்வக்கனியின் நகப்பாலீஷை எடுத்து, அரைவிரல் அகலத்துக்கு எர்த்து டிராக்கைச் சிவப்பாகப் பூசினான், அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆனியில் மூன்றாவது: எல்லா எர்த்தையும், எங்கே தொடங்கினாலும், தாலுகாவின் எல்லா பஸ்ஸும் ஒரே பஸ் ஸ்டாண்டுக்கு வருவதுபோல ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மூன்று செட்டுமே, அவன் இருபதடி தள்ளி நின்றால், குளத்துத் தண்ணி மாதிரி அமைதியாக இருந்தன. அவன் கிட்டே போனால் "ம்ம்ம்ங்ங்ங்" என்று அவனோடு சேர்ந்து பாடின.

"நீங்க தள்ளி நில்லுங்களேன், அதுக்கென்ன?" என்றாள் செல்வக்கனி. அவள் இரைச்சலுக்குப் பழகிவிட்டாள், அது இல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை என்றுகூட ரெஜினாவிடம் சொல்லியிருந்தாள்.

"நான் செஞ்ச செட்டுக்கு நான் தள்ளி நிக்கணுமா? அவன் அவஞ் செட்டு மேல கைய ஊனிக்கிட்டு நிப்பான், நான் கேட்டுக்கு வெளிய நிக்கணுமா?"

"அவுக அவுகதான். நீங்க நீங்கதான்."

"அத நீதான சொன்ன அன்னைக்கு, அவஞ் செட்டப் பாத்து!"

"நான் என்ன சொன்னேன்?" என்று செல்வக்கனி உண்மையாகவே கேட்டாள். அவளுக்கு ஞாபகம் இல்லை. தவசிக்கனிக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை.

ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை காலையில் பொன்மாரி அக்காளைப் பார்க்க வந்தாள், முந்திரிக்கொத்து செய்து தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாள். "அத்தானுக்குப் பிடிக்குமேன்னு" என்று தவசிக்கனியின் கையிலேயே கொடுத்தாள். அவன் பொட்டலத்தைப் பிரித்தான். தாள் பளபளப்பாக இருந்தது. அதில் எண்ணெய் படாத இடமெல்லாம் கறுப்புக் கோடுகள் ஓடின. லிங்கதுரை அச்செடுத்து, மை கொஞ்சம் மங்கலாக விழுந்ததால் ஒதுக்கிப்போட்ட தாள் அது. வாத்தியார் வீட்டில் எந்தத் தாளையும் வீணாக்கமாட்டார்கள். மணிவிழாவுக்கு அவன் செய்கிற செட்டின் முழு வழியும், கல்யாணப் பத்திரிகை மாதிரி, முந்திரிக்கொத்துக்கு அடியில் விரிந்து கிடந்தது.

தவசிக்கனி ஒரு கொத்துகூடத் தின்னவில்லை. தாளைத் துடைத்தான், வெயிலில் காயவைத்தான், செம்புத் தகட்டின் மேல் கார்பன் தாளை வைத்து அதற்கு மேல் இதை வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் கோட்டுக்குக் கோடு அழுத்தி இறக்கினான், பிறகு அதன் மேல் மார்க்கரை ஓட்டினான். கை வெட்கப்பட்டது, ஆனால் கோடு பிசகவில்லை. மருந்துத்தண்ணியில் போட்டான், எடுத்தான், ஓட்டை போட்டான். அப்படியே எடுத்து ஐ.சி. சில்லைச் செருகினால் கால்கள் எல்லாம் இடம் மாறி நின்றன. ஒன்றாம் கால் ஐந்தாம் ஓட்டைக்கு வந்தது, ஐந்தாம் கால் ஒன்றுக்குப் போனது. தாளைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான், பிறகு புரிந்தது. இஸ்திரி போடுகிறவன் தாளைக் கவிழ்த்து வைப்பான், ஆகவே தாளில் எல்லாம் இடவலம் மாறித்தான் அச்சாகியிருக்கும். கவிழ்த்தால்தான் அது நேராகும். அவன் மார்க்கர்க்காரன், தாளை நிமிர்த்தி வைத்து, கண்ணாடியில் தெரிகிற மூஞ்சியைப் பார்த்து வரைந்த மாதிரி, மாறியதை மாறியபடியே இறக்கிவிட்டான்.

இன்னொருவனாக இருந்தால் போர்டைத் தூக்கி எறிந்திருப்பான். தவசிக்கனி எறியவில்லை, போர்டைப் புரட்டினான். இடவலம் மாறிய போர்டில், சாமான்களை வழக்கமான பக்கத்தில் வைக்காமல், டிராக் ஓடுகிற செம்புப் பக்கத்திலேயே வைத்துப் பற்றவைத்தால் எல்லாக் கால்களும் தங்கள் ஓட்டைக்கே வந்து சேர்ந்துவிடும். அப்படியே வைத்தான், ஒவ்வொன்றையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கீழே ஓடுகிற செம்பு தொடாமல் பார்த்துப் பார்த்து ஈயம் வைத்தான். கடைசி எர்த்துக்கு ஈயம் வைக்கும்போதுதான் அதைக் கண்டான். போர்டின் மூலையில் எர்த்து டிராக், நேராகப் போக வேண்டியது, காரணமே இல்லாமல், நடுவில் ஒன்றும் இல்லாத ஒரு இடத்தைச் சுற்றி அரைவட்டமாக வளைந்து போனது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், பொன்மாரி கல்யாணத்துக்குப் புதுமாப்பிள்ளைக்குப் பரிசாக அவன் ஒரு செட்டு செய்து கொடுத்தான். அந்த அவசரத்தில் போர்டின் மூலையில் ஒரு ஓட்டையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டான், எர்த்து டிராக்கை அந்த ஓட்டையைச் சுற்றி அரைவட்டமாக வளைத்துக் கொண்டுபோனான். லிங்கதுரையின் போர்டில் ஓட்டை இல்லை. வளைவு மட்டும் இருந்தது.

"அட திருட்டு வாத்தி!" என்று தவசிக்கனி வாய்விட்டுச் சொன்னான். அவன் அந்தப் பரிசுச் செட்டைத் திறந்திருக்கிறான், அளந்திருக்கிறான், கோட்டுக்குக் கோடு எடுத்து, எதற்கு என்று தெரியாமலே அந்த வளைவையும் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறான். அரை நிமிஷம் தவசிக்கனிக்கு வயிறு குளிர்ந்தது, சத்தம் தணிந்தது, செல்வக்கனி அடுக்களையிலிருந்து "கரண்ட் போயிட்டா?" என்று கேட்டாள். மறு அரை நிமிஷத்தில், என் கோட்டை வைத்துக்கொண்டே என்னைவிடச் சுத்தமாகச் செய்துவிட்டானே என்ற நினைப்பு வந்தது. அடுக்களையில் தட்டுகள் கிலுகிலுத்தன.

ஆவணி முகூர்த்த நாளில் மாமனார் இரண்டாம் தடவையாகத் தாலி கட்டினார், மாமியார் முதல் தடவையைப் போலவே தலையைக் குனிந்துகொண்டாள், பந்தி எல்லாம் முடிந்ததும் ஹாலில் பெஞ்சு போட்டு இரண்டு செட்டையும் வைத்தார்கள். முதலில் லிங்கதுரையுடையது. வயர் மாட்டுவதற்குள் மாமியார் கூட்டத்தைப் பார்த்து, "மூத்த மருமகன் மட்டும் கோவிச்சுக்கிடாம செத்த வாசல்ல நிக்கணும்" என்று கேட்டுக்கொண்டாள். தவசிக்கனி வேப்பமரத்தடியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டான். சுத்தமாகத்தான் இருந்தது. மாமனார் கண்ணை மூடியிருந்தார். லிங்கதுரை செட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான், தவசிக்கனி சொன்ன மாதிரியே.

அடுத்து தவசிக்கனியுடையது. "நான் இல்லாம எஞ் செட்ட யாரும் தொடக்கூடாது" என்று உள்ளே வந்தான், அவன் வர வர ஸ்பீக்கர் இரைந்தது, குழந்தைகள் கொட்டாவி விட்டன. சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் முறைக்காரன் ஒருத்தன் பரணில் ஏறுவதற்கு நாற்காலிகூட எடுத்துப்போட்டான். தவசிக்கனி அந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான். எதையாவது செய்ய வேண்டும் என்று செட்டின் மேல் மூடியைக் கழற்றினான்.

மாமனார் கண்ணைத் திறந்தார். கிட்டே வந்து குனிந்தார். "இதென்ன மாப்பிள்ளை, இப்படி நான் பாத்ததே இல்லயே! ரோடு ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம்லா வைப்பாக, இதுல ரோட்டு மேலயே வீடு நிக்குது. எந்த வீட்டுக்கு எந்த ரோடு போவுதுன்னு எல்லாம் கண்ணுக்குத் தெரியுதே! ஏ சண்முகத்தாய், இங்க வந்து பாரு, ஊரயே பரப்பி வச்ச மாதிரி இருக்கு. ஆகா, இது மூளைய்யா!"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். லிங்கதுரையும் குனிந்தான். முதலில் தன்னுடைய கோடுகளைக் கண்டான், அடுத்து மூலையில் அந்த வளைவைக் கண்டான், தலையை உயர்த்திச் சகலையின் கண்ணைக் கண்டான். முகம் கறுத்தது. தன் வழியை எடுத்து, அதையும் புரட்டிப்போட்டு, ஒரு தப்பை அழகாக்கி மாமனாரிடம் "மூளை" வாங்கிவிட்டானே! ஆறு மாசம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவனுக்கு மாமனார் வாயிலிருந்து "நல்லாருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லையே!

"ம்ம்ம்ங்ங்ங்" என்றது லிங்கதுரையின் வயிறு.

"சின்ன மருமகனுக்கும் வந்துட்டு" என்றாள் மாமியார், சீரகம் எடுக்க உள்ளே திரும்பினாள். திரும்பியவள் நின்றுவிட்டாள், ஏனென்றால் அதே சமயம் ஹாலில் இரைச்சலே இல்லை. ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் ஓடியது. இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே செட்டின் மேல் தோளோடு தோள் உரசக் குனிந்திருந்தார்கள். ஒருவனுடைய இரைச்சல் ஏறும்போது மற்றவனுடையது இறங்கியது, இவன் தள்ள அவன் இழுக்க, இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மிச்சம் வைக்கவில்லை. லிங்கதுரை விருட்டென்று விலகினான், இரண்டு பக்கமும் இரைந்தது. மாமியார் அவன் முழங்கையைப் பிடித்துப் பழைய இடத்துக்குத் தள்ளினாள், அடங்கியது. இழுத்துப் பார்த்தாள், இரைந்தது. தள்ளிப் பார்த்தாள், அடங்கியது. "அடுப்புத் திருகு மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாற்காலிகளை எடுத்து ஒட்டிப்போட்டு இருவரையும் உட்காரவைத்தாள்.

மாமனார் முழுப்பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். "மூத்தவர் செட்டு ஹால்ல நிக்கட்டும்" என்றார். "மூடி போடவேண்டாம், பாக்குற மாதிரி இருக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு மாப்பிள்ளைகளும் வந்து இதே மாதிரி பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிடணும், அப்பத்தான் பாட்டு கேக்கும்."

லிங்கதுரையின் செட்டு பரணுக்கு ஏறியது. தவசிக்கனி ஜெயித்துவிட்டான். ஜெயித்தவன் கால்மேல் கால் போட்டு, சாமி படத்துக்குக் கீழே நிற்கிற தன் செட்டை ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்தபோது, லிங்கதுரைக்குப் போன் வந்தது, அவன் எழுந்து வாசலுக்குப் போனான்.

தனியாக விடப்பட்ட தவசிக்கனி இரைந்தான். அதைத் தாண்டி, வாசலிலிருந்து, சகலையின் இரைச்சல் வந்தது. தவசிக்கனி தன்னை அறியாமல் காதைக் கொடுத்தான். கைவேலைக்காரனின் காது அது. தன்னுடையதில் ஓரத்தில் லேசான கரகரப்பு உண்டு, மழை நாளில் கம்பத்தில் கேட்பது மாதிரி; அவனுடையதிலோ ஒரு பிசிறு இல்லை, வட்டமாக, ஆழமாக, அடிவயிற்றிலிருந்து வெங்கலப் பானைக்குள் சொன்ன மாதிரி வந்தது. தொடங்கி அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் இப்படி அடிநாதமாக ஒரு பேஸ்! ஆறு மாசமாகத் தான் இரைந்ததெல்லாம் என்ன இரைச்சல்? தவசிக்கனிக்கு முழங்காலிலிருந்து நெஞ்சு வரை குப்பென்று ஏறியது, ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. வாசலில் லிங்கதுரை போனைக் காதில் வைத்தபடியே திரும்பி, இந்தச் சத்தத்தின் உயரத்தைக் கேட்டான், அவனுடையதும் ஏறியது.

"ரெண்டு பேரும் பக்கத்துல உக்காருங்கய்யா, ஒரு வரி கேக்கல!" என்று அடுக்களையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

லிங்கதுரை வந்து உட்கார்ந்தான். தோள் உரசியது. ஹால் அமைதியானது. பாட்டு, வீணைத் தந்தியில் விரல் வழுக்குவது வரை கேட்டது. செல்வக்கனியும் பொன்மாரியும் ஆளுக்கொரு வெற்றிலையை மடித்தார்கள்.

தவசிக்கனி செட்டைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் கேட்டான்: "ஏன் சகலை, அந்த பேஸு ஒமக்கு எப்படி வருது?"

லிங்கதுரையும் செட்டையே பார்த்தான்.

"சொல்லமாட்டேன், அண்ணாச்சி."